கன்னி மூலையில் காணாமல் போன கையெழுத்து

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, நேற்று நீங்கள் வாங்கிக் கொடுத்த காபி நன்றாக இருந்தது. கேள்விதான் சரியில்லை. "சார், உங்க சர்வீஸ்லயே பெரிய பிரச்சினை எது? வைரஸா, சர்வர் எரிஞ்சதா?" என்று கேட்டீர்கள். சர்வர் எரிந்தால் கவலையே இல்லை. புகை வரும், எல்லோருக்கும் தெரியும், முதலாளியே ஓடிவந்து ஜன்னலைத் திறந்துவிடுவார். எதுவும் எரியாமல், எதுவும் உடையாமல், எல்லாம் நாம் சொன்னபடியே ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பிரச்சினை வருமே, அதுதான் பெரிது. எனக்கு அது ஒரு சின்ன விண்டோவாக வந்தது. ரேஷன் கார்டு அளவுகூட இருக்காது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவரை மறுபடியும் அரபு நாட்டுக்கே விமானம் ஏற்றிவிடப் பார்த்தது.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாக இருந்தது, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி. ஏற்றுமதி செய்கிறவர்களின் சரக்குக்கு வேண்டிய படிவங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பி, கண்டெய்னரைக் கப்பல் ஏற்றி விடுவது எங்கள் தொழில். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். ஒரே ஒரு கிறுக்கு, வாஸ்து. கதவைப் பார்ப்பார், கக்கூஸைப் பார்ப்பார், புதிதாக ஸ்டேப்ளர் வாங்கினால் அது எந்தத் திசையைப் பார்த்து வாயைத் திறக்கிறது என்று பார்ப்பார். சுவரோடும் தரையோடும் நிற்கிற விஷயம்தானே என்று நான் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் அவர் கம்ப்யூட்டர் திரையையும் பார்த்துவிட்டார்.

"வே, இதுக்கும் நாலு மூலை இருக்குல்லா?" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அவர் பார்த்தது ஜெசிந்தாவின் கம்ப்யூட்டரை. ஜெசிந்தா புன்னைக்காயல் பெண். படிவம் அனுப்புகிற வேலை முழுக்க அவள் கையில்தான். அவளுக்கு இரண்டு மானிட்டர்களை இடமும் வலமுமாகச் சேர்த்து, ஒரே அகலத் திரையாக வைத்திருந்தேன். லினக்ஸ் போட்டு, டெஸ்க்டாப்பை என் ஆசைக்குச் செதுக்கி வைத்த மெஷின் அது. எந்த விண்டோ எந்த இடத்தில் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி எழுதி வைக்கலாம். இந்த வசதியை அண்ணாச்சியிடம் பெருமையடித்துக் காட்டியதும் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திரையில் வடக்கு எது என்று முதலில் ஒரு விவாதம் நடந்தது. மேப்பில் மேல் பக்கம்தானே வடக்கு என்றேன். "மேப்பு வெள்ளக்காரன் போட்டதுல்லா" என்று தள்ளிவிட்டார். மாப்பிள்ளையூரணியில் அவருக்கு ஒரு வாஸ்து ஜோசியர் உண்டு. அவருக்குப் போன் போட்டார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்ட சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உட்கார்ந்திருக்கிறவர் எந்தத் திசையைப் பார்க்கிறாரோ அதுதான் திரையின் மேல் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். ஜெசிந்தா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆகவே மேலே கிழக்கு, இடது வடக்கு, வலது தெற்கு.

பிறகு குடிபுகும் படலம். கப்பல்களின் வரத்துப்போக்கைக் காட்டும் விண்டோ தண்ணீர் சம்பந்தப்பட்டது, அதனால் ஈசானிய மூலை, இடது மேல். சுங்கத்துறையின் இணையப் பக்கம் வாயு மூலை, இடது கீழ். "அங்கன வச்சாத்தான் வந்த சரக்கு தங்காமப் போய்க்கிட்டே இருக்கும்." செட்டிங்ஸ் விண்டோ அடுப்படி மாதிரி, எல்லாம் வெந்து வெளியே வருகிற இடம், அதனால் அக்னி மூலை, வலது மேல். மிச்சம் இருந்தது கன்னி மூலை, தென்மேற்கு, வலது மானிட்டரின் கீழ்க்கோடி. வீட்டில் பீரோ வைக்கிற மூலை. கம்பெனியில் பீரோவுக்குச் சமமான பொருள் எது? டிஜிட்டல் கையெழுத்து.

அது பென் டிரைவ் போல ஒரு சாவி. அதைச் செருகிவிட்டு, ஒரு சின்ன விண்டோவில் ரகசிய எண்ணை அடித்தால்தான் எந்தப் படிவமும் கையெழுத்தாகிப் போகும். தொடர்ந்து தப்பாக அடித்தால் சாவி தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் கொடுத்தவர்களிடம் போய்த் தவம் கிடக்க வேண்டும். அந்தச் சின்ன விண்டோவைக் கன்னி மூலையில் குடிவைத்தோம். அண்ணாச்சி தூரத்தில் நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆனால் ஜெசிந்தா வேலை செய்கிறவள் அல்லவா? அவசரத்தில் விண்டோவை இழுத்து நடுவில் போட்டுக்கொள்வாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பின்னால் வந்து நிற்பார். "ஏளா, பீரோவ ஏன் நடுவீட்டுல கொண்டாந்து போட்டிருக்க?" அவள் என்னைப் பார்ப்பாள். இந்தப் பஞ்சாயத்துத் தினமும் நடந்தது. ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து, எல்லா விதிகளையும் 'கட்டாயம்' என்று மாற்றிவிட்டேன். அதன்பிறகு யார் இழுத்தாலும் விண்டோ தன் மூலைக்கே திரும்பிப் போய்விடும். அலுவலகத்தில் அமைதி வந்தது. நானும் என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

இனி செய்யது காக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். காயல்பட்டினத்துக்காரர். மீசை அரும்பிய வயதில் அரபு நாட்டுக்குப் போய், தாடி நரைத்த பிறகு ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வந்தவர். ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழைக்காய் வாங்கி, குளிர்சாதனக் கண்டெய்னரில் ஏற்றித் துபாய்க்கு அனுப்புவது என்று முடிவு செய்து, கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டார். அது அவருடைய முதல் கண்டெய்னர். மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி காலையிலேயே எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். இருக்கை கொள்ளவில்லை. எழுந்திருப்பார், உட்கார்வார், எல்லோருக்கும் ஒரு டீ சொல்வார்.

"வீட்டுல என் சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்குக் கீழதான் கிடக்கு சார்" என்று என்னிடம் சொன்னார். "பரண்ல தூக்கிப் போடுன்னா வீட்டுக்காரி கேக்க மாட்டேங்கா. மொத கண்டெய்னர் போகட்டும், பொறவு போடலாம்னு சொல்லுதா. நான் திரும்பப் போயிருவேன்னு அவளுக்கு ஒரு பயம். கேட்டா சொல்ல மாட்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் வீட்டிலும் கப்பலில் போனவர்கள் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "சார், மெஷின் தொங்கிட்டு. சப்மிட்ட அமுக்குதேன், அசைய மாட்டேங்கு."

போய்ப் பார்த்தேன். கண்டெய்னரின் எடைப் படிவம் முழுக்க நிரப்பி, அனுப்ப வேண்டியது மட்டும் பாக்கி. பொத்தானை அமுக்கினால் படிவம் மங்கிப் போய் நிற்கிறது. கத்தரித்து வைத்த மாதிரி அந்த மேஜை எனக்குக் குறையாகத் தெரிந்தது. என்ன குறை என்று ஒரு நொடி புரியவில்லை. பிறகு பார்த்தால், வலது மானிட்டரைக் காணோம்.

"அண்ணாச்சி காலையில எடுத்துட்டுப் போயிட்டாவ சார். கப்பல் நகருதான்னு பெருசாப் பாக்கணுமாம்."

காக்காவின் வாழைக்காய் ஏற வேண்டிய அதே கப்பல். அது கிளம்புகிறதா என்று பெரிதாகப் பார்ப்பதற்காக, அதில் சரக்கு ஏற்றுவதற்கு வேண்டிய திரையை அண்ணாச்சி கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

புரிந்துவிட்டது. மெஷின் தொங்கவில்லை. ரகசிய எண் கேட்கும் விண்டோ ஒழுங்காகத் திறந்திருக்கிறது. கன்னி மூலையில் திறந்திருக்கிறது. கன்னி மூலைதான் அலுவலகத்தில் வேறு அறைக்குப் போய்விட்டது. எண்ணை அடிக்கிறவரைக்கும் படிவம் அசையாது.

கீபோர்டாலேயே விண்டோவை நகர்த்தலாம். நகர்த்தினேன். திரையின் வலது ஓரத்தில் அதன் விளிம்பு லேசாகத் தலைகாட்டியது. கையை எடுத்ததும் சர்ரென்று மூலைக்கே போய்விட்டது. கட்டாயம் என்று எழுதி வைத்த புண்ணியவான் நான் அல்லவா? சரி, விதியையே மாற்றலாம் என்று செட்டிங்ஸைத் திறந்தேன். அது அக்னி மூலையில், அதே காணாமல் போன மானிட்டரில் போய்த் திறந்துகொண்டது. விதிகள் இருக்கும் ஃபைலில் நேரடியாகக் கைவைக்கலாம். ஆனால் அந்த மெஷினில் லாக் அவுட் செய்தால்தான் அந்த மாற்றம் ஏறும். செய்தால் நிரப்பி வைத்த படிவம் போய்விடும், முதலிலிருந்து நிரப்ப நேரம் கிடையாது. கணக்குப் பிரிவின் மானிட்டரைத் தூக்கி வந்தேன். அதன் கேபிள் இந்த மெஷினில் பொருந்தவில்லை.

இதற்குள் காக்காவின் போன் அடித்தது. கண்டெய்னரோடு துறைமுக வாசலில் நிற்கிற லாரி டிரைவர். ஸ்பீக்கரில் போட்டார். "காக்கா, கேட்டுல விட மாட்டேங்கான். எடைப் படிவம் சிஸ்டத்துல வரலைங்கான். இன்னுஞ் செத்த நேரத்துல கேட்டை அடைச்சிருவோம், வண்டியத் திருப்புங்கான். பின்னால இருக்குறவன் வேற ஹாரன் அடிச்சே கொல்லுதான்!"

கேட் அடைத்துவிட்டால் அந்தக் கப்பல் போச்சு. அடுத்த கப்பலுக்குள் வாழைக்காய் பழுத்துவிடும். துபாயில் காத்திருக்கிற கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். காக்கா அலுவலக நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணுக்குள் அந்தச் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவது எனக்கே தெரிந்தது.

"சார், அந்த விண்டோ கண்ணுக்குத் தெரியாட்டி என்ன? அங்கதான இருக்குங்கீங்க. கண்ண மூடிக்கிட்டு நம்பர அடிச்சிருவோமே" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் சொன்னது முட்டாள்தனமான யோசனை இல்லை. அந்த விண்டோ காத்திருந்தது, எண்ணை அடித்து என்டர் தட்டினால் போயிருக்கவும் கூடும். எனக்கும் கை துறுதுறுத்தது. பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது ஏதாவது செய்துவிட்டால் தேவலை என்றுதான் தோன்றும். நம் தொழிலில் பாதி சேதம் அந்தத் தேவலையில் வருவதுதான்.

நான் ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டேன். "மெஷின் தொங்கிருச்சுன்னு நெனச்சியே, அப்ப என்ன செஞ்ச?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவத்துல என்டரைத் தட்டினேன் சார்."

"ஒரு தடவையா?"

"மாதாவே, யாரு சார் எண்ணுனா!"

அதாவது அந்த என்டர்களெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த விண்டோவுக்குள் போய், தப்பான எண்களாக விழுந்திருக்கலாம். சாவி பூட்டிக்கொள்ள எத்தனை தப்பு பாக்கி என்று தெரியாது. இனி பார்க்காமல் ஒரு எழுத்துகூட அடிக்கக்கூடாது. கீபோர்டைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். காக்கா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மிச்சம் ஒரே வழி. மானிட்டர் திரும்பி வரவேண்டும்.

அண்ணாச்சி அறைக்குள் போனேன். வலது மானிட்டர் அவர் மேஜை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. நீலக் கடலில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம், அதுதான் கப்பல். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த மானிட்டர் வேணும். ஜெசிந்தா மெஷின்ல விண்டோ ஆஃப் ஸ்க்ரீன் போயிட்டு. பொசிஷன் ஃபோர்ஸ் பண்ணியிருக்கு, டிஸ்ப்ளே இல்லாததால கோஆர்டினேட்ஸ் வெளிய விழுது..."

"அதான் அவளுக்கு இன்னொன்னு இருக்குல்லா. அதுல பாத்துக்கச் சொல்லும்வே. இங்கன கப்பல் நகருதா இல்லியான்னு நான் பாக்க வேண்டாமா? கண்ணு இமைக்காம உக்காந்திருக்கேன், நம்ம காக்கா சரக்குக்காகத்தான்!"

சத்தியமாக அவர் காக்காவுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார். அதுதான் கொடுமை. கோபம் எனக்குத் தலைக்கேறியது. கத்தலாமா என்றுகூட நினைத்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குள் இறங்கவில்லை என்று அப்புறம்தான் உறைத்தது. கோஆர்டினேட்ஸ் என்றால் அவருக்கு என்ன தெரியும்? நான் தப்பான மொழியில் சரியான விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அண்ணாச்சி. ஜெசிந்தா திரையில தெற்குப் பக்கம் பூரா வெட்டுப்பட்டிருக்கு."

அவர் கண் முக்கோணத்தை விட்டு விலகியது. "என்ன வே சொல்லுதீரு?"

"அக்னியும் இல்ல, கன்னி மூலையும் இல்ல. கம்பெனி கையெழுத்து அந்தக் கன்னி மூலையிலதான் இருந்துச்சு. மூலைய வெட்டி எடுத்துட்டு வந்து நீங்க இங்கன வச்சிருக்கீங்க."

நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. முன்பு சொன்ன அதே விஷயம்தான், அவர் வீட்டு மொழியில்.

"ஐயையோ, கன்னி மூலையவா?" என்று எழுந்தார். நாற்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டியது. நான் கேபிளைக் கழற்றுமுன் மானிட்டரை அவர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட்டார். கேபிள் வால்போல் பின்னால் இழுபட, டீ கிளாஸ் உருள, வேட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு ஹாலுக்குள் ஓடிவந்தார். காக்கா என்ன ஏது என்று புரியாமல், யாரோ தடுக்கி விழுந்துவிடக்கூடாது என்று வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கல்யாண வீட்டில் சீர் வருகிற மாதிரி இருவரும் மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள்.

செருகினேன். இரண்டு திரையும் ஒருமுறை கறுத்து, பிறகு விழித்துக்கொண்டன. அக்னி மூலையில் செட்டிங்ஸ். கன்னி மூலையில், ஒன்றுமே நடக்காததுபோல், அந்தச் சின்ன விண்டோ. அதில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. தப்பான எண், இன்னும் ஒரே ஒரு முறைதான் மிச்சம்.

காக்கா அந்த வரியைப் படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொன்ன தன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

அலமாரி மேலிருந்து கீபோர்டை எடுத்து வைத்தேன். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். காக்காவின் உதடு துஆவில் அசைந்தது. அண்ணாச்சி இரண்டு கையாலும் மானிட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அது மறுபடி நடந்துபோய்விடும் என்பதுபோல. ஜெசிந்தா எண்ணை ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லாமல், ஒரு விரலால் அடித்தாள். என்டர்.

விண்டோ மறைந்தது. படிவம் போய்விட்டது என்று பச்சையில் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் கூப்பிட்டார். "காக்கா, உள்ள வந்துட்டேன்! பின்னால வந்தவன் மொகத்துல ஈயாடல!" காக்கா நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்காததுபோல் வேறு பக்கம் பார்த்தோம்.

அன்று சாயங்காலமே எல்லாக் 'கட்டாய'த்தையும் எடுத்துவிட்டேன். திரை ஒன்று குறைந்தால் இருக்கிற திரைக்குள் வந்து நில் என்று ஒவ்வொரு விண்டோவுக்கும் சொல்லி வைத்தேன். நீங்களும் எந்த விதி எழுதினாலும், அது நிற்கிற தரையை யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுதுங்கள். முதலாளிக்குப் புரியவில்லை என்று என்னிடம் வந்து புலம்பாதீர்கள். அவருக்கு எது புரியும் என்று பார்த்து அதில் சொல்லுங்கள்.

அண்ணாச்சி அதன்பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "மூலை வெட்டுப்பட்டிருக்குன்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதான வே? கோஆர்டினேட்டு கீஆர்டினேட்டுன்னு நேரத்தப் போக்கிட்டீரு."

ஆனால் நான் சொல்லிவிட்டுப் போக நினைத்தது அது இல்லை. டிரைவர் போனை வைத்த பிறகு காக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.

"நான்தான். போயிட்டு. ஆமா, உள்ள போயிட்டு. அழாத. அந்தச் சூட்கேஸத் தூக்கிப் பரண்ல போட்டுரு."

அண்ணாச்சி தன் அறையிலிருந்து கத்தினார். "காக்கா! எந்த மூலைப் பரண்ல வைக்காவன்னு கேளுங்க! வாயு மூலைன்னா வேண்டாம், தங்காமப் போய்க்கிட்டே இருக்கும்!"

காக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முழுதாகச் சிரித்தார்.

"எந்த மூலையா இருந்தா என்ன அண்ணாச்சி? இனிமே அதைக் கீழ இறக்கவா போறேன்?"